வாட்டர் ஹீட்டர் போட்டால் பிளக் கருகுவது ஏன்? வோல்ட், ஆம்பியர் தெரிந்தால் நீங்களே கணக்குப் போடலாம்!

மழைக்காலம் வந்தாச்சு. பரணில் கிடந்த ஹீட்டர் ராடு கீழே இறங்கியிருக்கும். நாலு நாள் வெந்நீர் போட்ட பிறகு பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் பின் கறுத்துப் போயிருக்கிறது. சுவிட்ச் போர்டு பக்கம் பிளாஸ்டிக் கருகின வாடை. ஆனால் டிரிப்பர் விழவே இல்லை. 'ராடு சரியில்லை' என்று புதுசு வாங்கினாலும் அதே கதைதான்.

கோளாறு பெரும்பாலும் ராடில் இருக்காது. எங்கே இருக்கிறது என்பதைப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் வரும் ஓம் விதியை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

இரண்டே கணக்கு

பாடப் புத்தகத்தில் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன் என்று படித்திருப்போம். எலக்ட்ரீஷியன் இதையே வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ், வாட்ஸ் என்பார். இரண்டும் ஒன்றுதான்.

வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ். வோல்டேஜைக் கரண்டால் பெருக்கினால் வாட்ஸ். அவ்வளவுதான்.

உங்கள் ஹீட்டர் ராடு ஓடும்போது எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டர் வைத்து அளக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வோல்டேஜ் 230, கரண்ட் 6.5 ஆம்பியர். 230-ஐ 6.5-ஆல் வகுத்தால் 35.4 ஓம். இது ராடின் மின்தடை. 230-ஐ 6.5-ஆல் பெருக்கினால் 1,495 வாட்ஸ். ராடு மேல் 1500 வாட்ஸ் என்று அச்சடித்திருப்பது இதைத்தான்.

மீட்டர் இல்லையா? பொருளின் மேல் உள்ள வாட்ஸை 230-ஆல் வகுத்தால் கரண்ட் தெரிந்துவிடும். 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் என்றால் 4.3 ஆம்பியர்.

இப்போது சுவிட்ச் போர்டைப் பாருங்கள். சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது, பெரியது 16 ஆம்பியருக்கானது. 6.5 ஆம்பியர் இழுக்கும் ராடைச் சின்ன பாயிண்டில் சொருகியிருந்தால், அது தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

வோல்டேஜ் குறைந்தால்?

இங்கேதான் நிறைய பேர் தப்பாகக் கணக்குப் போடுவார்கள். சாயங்காலம் லோ வோல்டேஜ், 180 தான் வருகிறது. உடனே 1500-ஐ 180-ஆல் வகுத்து, ராடு 8.3 ஆம்பியர் இழுக்கும் என்று சொல்லிவிடுவார்கள். அப்படி இல்லை. ராடில் கிட்டத்தட்ட மாறாமல் இருப்பது அதன் 35.4 ஓம்தான், வாட்ஸ் இல்லை. 180-ஐ 35.4-ஆல் வகுத்தால் கரண்ட் 5.1 ஆம்பியர். அதை 180-ஆல் பெருக்கினால் சுமார் 915 வாட்ஸ்.

வோல்டேஜ் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். ஆனால் சூடு ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. வோல்டேஜ் குறையும்போது கரண்டும் சேர்ந்து குறைவதால் வரும் அடி இது. லோ வோல்டேஜில் வெந்நீர் போட ரொம்ப நேரம் ஆவது இதனால்தான்.

இந்தக் கணக்கு ராடு, அயர்ன் பாக்ஸ், கெட்டில் மாதிரி சூடாக்கும் சாதனங்களுக்கு மட்டும். மோட்டார் உள்ள ஃபிரிட்ஜ், ஏசிக்கு இப்படியே போடக்கூடாது. லோ வோல்டேஜில் அவற்றில் பல அதிக கரண்ட் இழுக்கும்.

சரி, பிளக் ஏன் கருகுகிறது?

பழைய சாக்கெட்டில் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி தளர்ந்து, பின்னைச் சரியாகப் பிடிக்காது. அந்த இடத்தில் அரை ஓம் மின்தடை புதிதாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 ஓம் ராடு முன்னால் அரை ஓம் எம்மாத்திரம் என்று தோன்றும்.

கணக்குப் போடலாம். 6.5 ஆம்பியர் அந்த அரை ஓம் வழியாகப் போகும்போது அங்கே விழும் வோல்டேஜ் 3.25. அதை 6.5-ஆல் பெருக்கினால் 21 வாட்ஸ். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான்! கிட்டத்தட்ட அந்தச் சூடு, ஒரு பிளக் பின் நுனியில், பிளாஸ்டிக்குக்கு நடுவே.

டிரிப்பர் ஏன் விழவில்லை என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. எம்சிபி பார்ப்பது கரண்டை மட்டும். மின்தடை 35.4-லிருந்து 35.9 ஆனதால் கரண்ட் 6.5-லிருந்து 6.4 ஆகக் குறைந்துதான் இருக்கிறது. எம்சிபிக்கு எல்லாமே சரியாகத் தெரியும். ஷாக் அடிக்காமல் காக்கும் ஆர்சிசிபி கரண்ட் வெளியே கசிகிறதா என்று மட்டும் பார்ப்பதால் அதுவும் விழாது. இந்தச் சூட்டைக் கண்டுபிடிக்க வீட்டில் இருப்பது உங்கள் மூக்கும் கையும்தான்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்றால் இன்னும் மோசம். 6 ஆம்பியர் பாக்ஸில் 1500 வாட்ஸ் கெட்டிலும் 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸும் ஒன்றாக ஓடினால் மொத்தம் 10.9 ஆம்பியர். அதே அரை ஓம் லூஸ் கனெக்‌ஷனில் இப்போது 59 வாட்ஸ் சூடு. கரண்ட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, சூடு மூன்று மடங்கை நெருங்கிவிட்டது.

என்ன செய்யலாம்?

ராடோ அயர்ன் பாக்ஸோ 15 நிமிடம் ஓடிய பிறகு சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, ஈரமில்லாத கையால் பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு சகஜம். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அந்தப் பாயிண்டை அன்றோடு நிறுத்திவிட்டு, எலக்ட்ரீஷியனை வரவழைத்து சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள். கருகிய பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுத் தளர்ந்த சாக்கெட்டை அப்படியே விட்டால் புது பிளக்கும் கருகும்.

1500 வாட்ஸ், அதற்கு மேல் உள்ளவை எல்லாம் 16 ஆம்பியர் பாயிண்டுக்குத்தான் போக வேண்டும். பெரிய பிளக்கைச் சின்ன பாயிண்டில் சொருக கடைகளில் கன்வெர்ட்டர் பின் விற்கிறார்கள். அது பின்னின் அளவைத்தான் மாற்றும். பின்னால் இருக்கும் ஒயரும் சாக்கெட்டும் 6 ஆம்பியருக்கானவையாகவே இருக்கும்.