தரங்கம்பாடித் திண்ணையில் நிகழ்ந்த சமய உரையாடல்

ஒரு சமயத்தின் கொள்கைகள் ஒருவர் உள்ளத்தினின்றும் பிறிதொருவர் உள்ளத்திற் புகுதற்குரிய வாயில்கள் பல. நூல் ஒன்று, மேடைச் சொற்பொழிவு ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று. இவையனைத்தினும் பழமையானதும், செலவற்றதும், ஆழப் பதிவதுமாகிய வாயில் மற்றொன்றுண்டு. அஃது இருவர் திண்ணையில் அமர்ந்து அன்றாடச் செய்திகளோடு கலந்து பேசும் உரையாடலேயாம். கிறித்து சமயத்தைத் தமிழ்மக்களிடைப் பரப்ப வந்தோருள் இவ்வாயிலை நன்குணர்ந்து கையாண்டவர் சீகன்பால்கு ஐயர் என்பவர். அவர் பேசிய பேச்சுக்களும், அவற்றிற்கு நம் முன்னோர் இறுத்த விடைகளும் ஏட்டில் ஏறி இன்றளவும் நிலவுகின்றன. அவ்வரலாற்றை அறிதல் சைவநன்மக்கட்கு நலம் பயக்கும் என்னுங் கருத்தால் ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றாம்.

டென்மார்க்கு நாட்டார் தஞ்சை இரகுநாத நாயக்க மன்னரோடு உடன்படிக்கை செய்து 1620 ஆம் ஆண்டில் தரங்கம்பாடியைப் பெற்று, கடற்கரையில் டான்ஸ்பர்க் என்னுங் கோட்டையை அமைத்தனர். வாணிகமே அவர்தம் நோக்கம். எண்பத்தாறு ஆண்டுகள் கழிந்தபின், அந்நாட்டு மன்னர் நான்காம் பிரெடரிக் என்பார் செருமானியராகிய சீகன்பால்கு ஐயரையும் புளுட்சோ ஐயரையும் சமயப்பணிக்கென அனுப்பினர். அவ்விருவரும் 1706 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9 ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். சீகன்பால்கு ஐயருக்கு அப்பொழுது அகவை இருபத்துமூன்றே. கோட்டை அலுவலர் அவர் வரவை விரும்பிற்றிலர். 1708 ஆம் ஆண்டின் இறுதியில் கோட்டைத் தலைவர் அவரைச் சிறையிலிட, நான்கு திங்கள் அவர் ஆண்டிருந்தனர். எனவே, அரசின் ஆணை அவரைக் கொணர்ந்ததாயினும், அவ்வரசின் அலுவலரால் அவர் எய்திய துணை பெரிதன்று. அவருக்குத் துணையாயிருந்தது அவர்தம் நாவே.

அந்நாவும் முதலிற் பேசவில்லை, கற்றது. திண்ணைப்பள்ளி நடாத்திய முதியவர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளியை வைத்து நடாத்துமாறு வேண்டிக்கொண்டு, சிறுபிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகினர். பின்னர் ஏடுகளைத் தேடத் தொடங்கினர். தம் எழுத்தாளரைப் பல நாட்செலவுள்ள ஊர்கட்குப் போக்கி, இறந்துபட்ட அந்தணரின் கைம்பெண்டிரிடமிருந்து ஏடுகளை விலைக்கு வாங்குவித்தனர். 1708 ஆம் ஆண்டில் அவர் தொகுத்த நூற்பட்டியில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்நூல்கள் குறிக்கப்பெற்றுள்ளன. அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி என்பவற்றைச் செருமானிய மொழியிற் பெயர்த்தனர். தாம் வந்த புதிதில் இம்மக்களைக் கல்வியும் ஒழுக்கநூலும் இல்லாதவரென எண்ணியது பிழையென்பதை அவர் அக்காலத்திலேயே மறையாது எழுதினர். பிறருக்குக் கற்பிக்க வந்தவர், தாம் அறியாதது இதுவென ஒப்புக்கொள்ளுதல் எளிதன்று. அது செய்தமையாலேயே அவரோடு பேச நம்மவர் இசைந்தனர் என்க.

இனி, அவர் பேசிய முறையை நோக்குவாம். அவருக்கு மேடையுமில்லை, குறித்த நேரமுமில்லை. புதிய வெள்ளையர் தமிழ் பேசுகின்றாராம் என்று காண வந்தோரோடு தம் இல்லத்திற் பேசினர். அண்டை ஊர்களுக்குச் செல்லும்பொழுது சத்திரங்களிலும் மரநிழலிலும் தங்கி, ஆண்டிருந்தாரோடு பேசினர். அந்தணர், வணிகர், மருத்துவர், புலவர் எனப் பலதிறத்தாரும் அவரோடு சொல்லாடினர். நோய், வாணிகம், திருவிழா என எது குறித்துத் தொடங்கினும், அப்பேச்சு மெல்லமெல்லக் கடவுள், வினை, வீடுபேறு என்பவற்றிற் சென்று சேரும். இவ்வுரையாடல்களை அவர் எழுதி ஹாலே நகருக்கு அனுப்ப, அவை அங்கு அச்சாயின. அவற்றுள் முப்பத்துநான்கு 1719 ஆம் ஆண்டில் ஆங்கிலமொழியில் இலண்டனில் வெளிவந்தன. நேரிற் பேச இயலாதார்க்கு வினாக்களை ஓலையில் விடுத்து விடை பெறும் வழக்கமும் உண்டாயிற்று. அவரும் அவர்தம் துணைவர் குருண்ட்லர் ஐயரும் 1712 முதல் 1714 வரை அங்ஙனம் பெற்ற தமிழர் கடிதங்களுள் தொண்ணூற்றொன்பது செருமானிய மொழியிற் பதிப்பிக்கப்பெற்றன.

நம்மவர் கூறிய விடைகள் யாவை? முழுமுதற்பொருள் ஒன்றே என்பதை அவர்கள் மறுக்கவில்லை. அவ்வொன்றினையே பல வடிவில் வழிபடுகின்றோம் என்றனர். அவ்வந்நாட்டார்க்கு அவ்வம்முறையை இறைவன் வகுத்தனன் என்றார் சிலர். ஆயின், வந்தவர் நெஞ்சைத் தைத்த விடை பிறிதொன்று. கிறித்தவர் நெறியைக் குறித்து நும் கருத்து யாதெனக் கேட்டபொழுது, நெறியிற் குற்றங் காண்கிலேம், அந்நெறியினராகக் கோட்டையில் வாழ்வாரிடத்தே குற்றங் காண்கின்றேம் என்னுங் கருத்துப்படப் பலர் எழுதினர். கள்ளருந்துதல், ஆவைக் கொன்றுண்ணல், தூய்மை பேணாமை ஆகியவற்றை எடுத்துக்காட்டினர். ஒருவன் நாவாற் சொல்லுஞ் சமயத்தினும் அவன் வாழ்ந்து காட்டுஞ் சமயமே கேட்போர்க்கு முன்னர்த் தெரியும் என்பது இவ்விடையின் சாரம். சீகன்பால்கு ஐயர் இதனை மறைத்திலர். தம் நாட்டார் படித்து நாணுமாறு அக்கடிதங்களை அனுப்பியே விடுத்தனர்.

இவ்வுரையாடல்களின் பயனாக எத்துணைப் பேர் அச்சமயம் புக்கனர் என்று எண்ணின், ஐயர் 1719 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23 ஆம் நாள் முப்பத்தாறாம் அகவையில் உயிர்நீத்தபொழுது அவர்தஞ் சபையில் இருந்தார் சில நூற்றுவரே. ஆயின், கேட்டவரினும் பேசியவரே மிகுதியும் மாறினர் என்பது நூல்களால் விளங்கும். 1711 ஆம் ஆண்டில் நம்மவர் சமயத்தைப்பற்றி ஒரு பெருநூலும், 1713 ஆம் ஆண்டில் தென்னாட்டுத் தெய்வங்களின் மரபு குறித்து மற்றொரு நூலும் எழுதினர். புறச்சமயத்தை ஒழித்தற்கு அனுப்பப்பெற்றவர் அதனை ஐரோப்பாவிற் பரப்புதல் தகாது என்பது ஹாலே நகரத்துப் பெரியார் கருத்தாயிருந்தது என்பர். அவ்விரண்டனுள் முன்னது 1926 ஆம் ஆண்டிலும் பின்னது 1867 ஆம் ஆண்டிலுமே அச்சேறின. நம்மவர் சொற்களைக் காது கொடுத்துக் கேட்ட ஒருவரின் நூல் நூற்றைம்பது ஆண்டிற்கு மேல் அடைபட்டுக் கிடந்தது. கேட்டலின் அருமையை இதனினும் தெளியக் காட்டுவது யாது?

ஐயர்பால் குறையில்லையெனக் கூறுகின்றேம் அல்லேம். திருவுருவ வழிபாட்டின் உட்பொருளை அவர் இறுதிவரை உணர்ந்திலர். அதனைக் கடுஞ்சொல்லால் இகழ்ந்தனர். அன்றியும், திண்ணையிற் பேசுங்கால் பின்னே கோட்டையும் பீரங்கியும் நிற்ப, பேசுவார் இருவரும் ஒருநிகராதல் யாங்ஙனம்? இதனையும் கருதியே அவ்வேடுகளைப் படித்தல் வேண்டும். எனினும், தம்மை மறுப்பார் கூற்றை வெட்டிக் குறைக்காது எழுதிவைத்த நேர்மையைப் பாராட்டாதிருத்தல் நடுவுநிலையன்று.

இந்நேர்மை நமக்குப் புதியதோ எனின், அன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில் புறச்சமயத்தார் கொள்கைகளை முதற்கண் நிறுத்தி, அதன் பின்னரே மறுக்கின்றனர். மடத்திலே யாம் பாடங்கேட்ட நாளில், எதிரியின் கூற்றை அவன் கூறுமாறே கூறவல்லாதவனுக்கு மறுக்கும் உரிமை இல்லை என்று எம் ஆசிரியர் பன்முறை வற்புறுத்தியதுண்டு. பிற்காலத்தே யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரவர்கள், பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவி, அவர்தம் நூலையும் முறையையும் உள்ளிருந்தே கற்றனர். அதன் பின்னரே 1847 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினர். அடுத்த ஆண்டிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினர். கேட்டறிந்தார்க்கே விடையிறுக்கும் வன்மை உண்டாம் என்பதற்கு அவர் வரலாறே சான்று.

இனி, எம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி முடிப்பாம். யாம் ஆசிரியராயிருந்தபொழுது, உடனுழைத்த கிறித்தவ நண்பர் ஒருவர் நண்பகலுணவின்போது, “பண்டிதர் ஐயா, தாங்கள் நாள்தோறும் திருநீறு அணிகின்றீர்களே, அணியும்பொழுது தங்கள் உள்ளத்தில் என்ன நினைவு தோன்றும்?” என்று வினவினார். யாம் இரண்டு பாடல்களைச் சொல்லி, அணியும் இடங்களையும் விதியையும் விரித்துரைத்தோம். அவர் பொறுமையோடு கேட்டு, “நூல் சொல்வதை நான் கேட்கவில்லை ஐயா, தங்கள் நினைவைத்தான் கேட்டேன்” என்றார். எம்மிடம் விடை இல்லை. பின்பு அவர், தம் குழந்தை காய்ச்சலில் கிடந்த இரவில் தாம் இறைவனிடம் முறையிட்டதையும், அப்பொழுது தமக்குண்டாகிய அமைதியையும் நாலைந்து சொற்களிற் கூறி, கைகழுவ எழுந்தார். எம்மைத் தம் சமயத்திற்கு அழைத்தாரல்லர். ஆயினும், அன்று அவர் சமயம் எமக்கு விளங்கிற்று. எம் சமயம் அவருக்கு விளங்கவில்லை. அக்குறை எம் சமயத்தின்பாலதன்று, எம்பாலதே.

சீகன்பால்கு ஐயர் மணலில் எழுத்தெழுதிப் பழகியது பிறரோடு பேசுதற்பொருட்டு. நாமோ எழுத்தனைத்தும் அறிந்தும், வீட்டில் ஒரு பிள்ளை வினவினால், அண்டை வீட்டார் அன்போடு கேட்டால், ஏட்டைக் காட்டுகின்றோம். மேற்கோள் பிழையன்று, அதனை வாழ்ந்த வாழ்வு பின்னின்று தாங்குதல் வேண்டும். பிறர் கூறுவதை முற்றக் கேட்டு, நாம் உணர்ந்ததை எளிய சொல்லால் உள்ளவாறு உரைக்கப் பழகுவோமாக. எம் நண்பர் வினவிய வினாவை இப்பொழுது நாள்தோறும் திருநீற்றைக் கையிலெடுக்கும்பொழுது எம்மையே யாம் வினவிக்கொள்கின்றோம்.

திருச்சிற்றம்பலம்.