நீருக்கடியில் ஒற்றர்கள்

ஓர் ஒற்றன் கொண்டு வந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரி பார்த்துக் கொள்ள வேண்டும் என்று அரசர்களுக்குச் சொன்னார் வள்ளுவர். மெக்ஸிகோ தேசத்துக் கடலில் ஒரு சிறு பிராணியைக் கணக்கெடுத்த வரலாற்றைப் படித்தபோது எனக்கு அந்த விதிதான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பிராணியின் பெயர் வாகிடா. ஸ்பானிய மொழியில் ‘சின்னப் பசு’ என்று பொருள். கடற்பன்றி இனம், நம் மீனவர்கள் ஓங்கில் என்கிறார்களே, அதற்குத் தம்பி முறை. ஒன்றரை மீட்டர் நீளந்தான். கலிபோர்னியா வளைகுடாவின் வட கோடியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. மண்டை ஓடுகளை வைத்து 1958-இல்தான் விஞ்ஞானிகள் அதற்குப் பெயரிட்டார்கள். இயந்திரப் படகின் அரவம் கேட்டாலே விலகிப் போய் விடும். அதைக் கண்ணால் எண்ணுவது எப்படி?

காதால் எண்ணலாம். கடற்பன்றி இரை தேடுவதற்கு இடைவிடாமல் ‘டிக், டிக்’ என்று ஒலி எழுப்புகிறது. ஆனால் அந்த ஒலி விநாடிக்குச் சுமார் 1,30,000 அதிர்வு கொண்டது. நம் காதோ 20,000-த்தோடு நின்று விடுகிறது. ஐரோப்பியக் கடற்பன்றியிடம் இந்த உச்ச ஸ்தாயி இருப்பதை மோல், ஆண்டர்சன் என்ற இரு டேனிஷ் ஆராய்ச்சியாளர்கள் 1973-இல் வெளியிட்டார்கள்.

அதைக் கேட்பதற்குக் கருவிகள் வந்தன. இங்கிலாந்தின் கார்ன்வாலில் நிக் ட்ரெஜென்சா என்பவர் உருவாக்கிய ‘டி-பாட்’ அவற்றில் ஒன்று. உச்ச ஸ்தாயியையும் வேறொரு ஸ்தாயியையும் ஒப்பிட்டு, முன்னது ஓங்கியிருந்தால் குறித்துக் கொள்ளும். ஆனால் ஒரு டி-பாட்டின் செவிக்கூர்மை மற்றொன்றுக்கு இராது. பிறகு வந்த ‘சி-பாட்’ இன்னும் சீரானது. ஒவ்வொரு ‘டிக்’கின் நேரம், ஸ்தாயி, நீளம், உரப்பு ஆகியவற்றை மட்டும் எழுதி வைக்கும்; ஒலியை வைத்துக் கொள்ளாது. நறுக்குத் தெறித்தாற்போல் எழுதும் கணக்கப்பிள்ளை என்று சொல்லலாம்.

இதற்கு நேர்மாறானது ‘சவுண்ட்ட்ராப்’ போன்ற பதிவுக் கருவி. அது சுருக்கெழுத்தாளர் ஜாதி. கேட்டது முழுவதையும் பதிந்து கொள்ளும். விநாடிக்கு 5,76,000 அளவுகள்! சுருக்காமல் வைத்தால் ஒரே நாளில் ஏறக்குறைய நூறு கிகாபைட் ஆகி விடும். கணக்கப்பிள்ளைக்கோ சில பாட்டரிகள் போதும். மாதக்கணக்கில் கடலடியில் கிடப்பார். சில ‘டிக்’குகளை அவர் கோட்டை விடுவதுண்டு; இல்லாததை இருப்பதாக எழுதுவது அபூர்வம்.

வாகிடாவின் வளைகுடாவில் 2008-இல் கருவிகளைச் சோதித்து, சி-பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011 முதல் கோடைதோறும் 46 இடங்களில் இறக்கினார்கள். இடத்தையும் கருவியையும் மாற்றாததில்தான் சூட்சுமம் இருக்கிறது. நடுவில் காதை மாற்றினால், குறைந்தது பிராணியா, செவியா என்று யார் சொல்வது? புதிய கருவி வந்தால் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் மாற்றக் கூடாது என்பது இதனால்தான்.

கணக்கு கசந்தது. கப்பலிலிருந்து எடுத்த மதிப்பீடுகள் 1997-இல் 567, 2008-இல் 245 என்றிருந்தன. சி-பாட்களின் செய்தியைக் கேட்டு, நூறுக்கும் குறைவு என்று நிபுணர் குழு 2014-இல் அறிவித்தது. மறு ஆண்டே மெக்ஸிகோ அரசாங்கம் இரண்டு வருஷத்துக்குச் செவுள் வலைகளைத் தடை செய்தது. 2015-இல் கண்ணும் காதுமாகச் சேர்ந்து மறுபடி எண்ணினார்கள்: சுமார் 59. 2011-இலிருந்து வருஷத்துக்குச் சராசரி நூற்றுக்கு 34 வீதம் குறைந்திருந்தது. இரண்டு ஒற்றர்களும் ஒரே சேதியைச் சொன்னார்கள்.

வாகிடாவை யாரும் வேட்டையாடவில்லை என்பதே இதில் வேதனை. டோடுவாபா என்ற மீனின் காற்றுப் பைக்குச் சீனாவில் கொழுத்த விலை. அதற்காகத் திருட்டுத்தனமாக விரித்த வலைகளில் இது சிக்கி, மூச்சு விட மேலே வர முடியாமல் செத்தது. 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கண்ணில் பட்டவை ஆறிலிருந்து எட்டு.

ஒற்றர்கள் மீது குற்றம் சொல்ல இடமில்லை. சேதி உரிய காலத்தில் வந்து சேர்ந்தது, தடையும் வந்தது. ஆனால் ராத்திரியில் வலை விரிப்பவனைப் பிடிக்கிற காவல்தான் போதவில்லை. அதற்கு எந்தக் கருவியும் ஈடாகாது. அந்த வளைகுடாவில் கருவிகளைக் கடலில் இறக்கி, திரும்ப எடுத்து வரும் வேலையில் உள்ளூர் மீனவர்களும் பங்கு கொண்டார்கள். பிழைப்புக்கு வலையையே நம்பியிருந்த ஊரிலும் அதைச் செய்ய ஆள் இருந்தார்கள் என்பதை இந்தச் சரித்திரத்தில் விட்டு விடாமல் எழுத வேண்டும்.