பால்காரர் உயிர் கொடுத்த 'ஆரஞ்சு வாசனை' பீர்!

பீர் என்றாலே கசப்பு என்றுதான் நம்மூரில் நினைப்பு. ஆனால் கோதுமையோடு ஆரஞ்சு தோல், கொத்தமல்லி விதை போட்டு காய்ச்சும் ஒரு பீர் பெல்ஜியம் நாட்டில் இருக்கிறது. ஹூகார்டன் என்ற சின்ன ஊரில் தயாராவதால் பீருக்கும் ஊர்ப்பெயரே நிலைத்து விட்டது. கோடையில் இதற்கு மவுசு அதிகம்.

கொத்தமல்லி விதைன்னா வேற எதுவும் இல்லை. சாம்பார் பொடிக்கு அரைக்கிறோமே, அதே மல்லிதான். ஆரஞ்சு தோல் மட்டும் நாம் உரித்து தின்கிற பழத்தோடது இல்லை. கரீபியன் கடலில் உள்ள குராசவ் தீவின் பெயரால் அழைக்கப்படும் கசப்பு ஆரஞ்சின் காய்ந்த தோல்.

கிளாசில் ஊற்றினால் அரிசி கழுவிய தண்ணி மாதிரி கலங்கலாக, வெளிர் மஞ்சளாக இருக்கும். கெட்டுப் போச்சோ என்று பயப்பட வேண்டாம். கோதுமையில் உள்ள புரதமும், வடிகட்டாமல் விட்ட ஈஸ்ட்டும்தான் காரணம். பாட்டிலின் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும் என்பதால், பாதிக்கு மேல் ஊற்றிவிட்டு மீதியை ஒரு சுழற்று சுழற்றி ஊற்றுவார்கள். முதலில் ஆரஞ்சு வாசனை, பிறகு மல்லி. நாக்கில் லேசான புளிப்பு. கசப்பு ரொம்ப கம்மி. ஆல்கஹால் 4.9 சதவீதம். சில இடங்களில் எலுமிச்சை துண்டு போட்டு தருகிறார்கள். அது தேவையே இல்லை, மல்லி வாசனை அமுங்கிப் போகும்.

இந்த பீர் ஒரு கட்டத்தில் அடியோடு அழிந்தே போனது. 1950-களில் ஊரின் கடைசி கோதுமை பீர் ஆலையும் மூடப்பட்டது. அந்த ஆலைக்கு பக்கத்து வீட்டில் வளர்ந்து, சின்ன வயதில் அங்கே எடுபிடி வேலை செய்தவர் பியர் செலிஸ். பால் வியாபாரம் செய்து வந்த அவர், ஞாபகத்தில் இருந்த பக்குவத்தை வைத்து 1966-ல் மறுபடி காய்ச்சினார். பீர் பிய்த்துக்கொண்டு போனது.

1985-ல் ஆலையில் தீ பிடித்தது. இன்சூரன்ஸ் பணம் போதவில்லை. பெரிய கம்பெனியிடம் கை நீட்ட வேண்டியதாயிற்று. கடைசியில் 1990-ல் ஆலை முழுவதும் அவர்கள் கைக்கு போனது. செலிஸ் அமெரிக்காவின் ஆஸ்டின் நகருக்கு போய் 1992-ல் புது ஆலை திறந்தார்.

2005-ல் ஹூகார்டன் ஆலையை மூடிவிட்டு, உற்பத்தியை ஜூப்பில் என்ற ஊருக்கு மாற்றப் போவதாக கம்பெனி அறிவித்தது. தொழிலாளர்களும் ஊர் மக்களும் கொதித்தெழுந்தனர். 2007-ல் அந்த திட்டம் கைவிடப்பட்டது. தன் ஊரிலேயே ஆலை நிலைத்ததை கண்ட செலிஸ், 2011-ல் தனது 86-வது வயதில் காலமானார் என்பது குறிப்பிடத்தக்கது.