ஐந்தடி கூடினால்

மிரர் பாய்ப்படகின் நீளம் 10 அடி 10 அங்குலம். வேஃபேரரின் நீளம் 15 அடி 10 அங்குலம். நடுவே இருப்பது சரியாக ஐந்தடி. பிள்ளைகளோடு பாய்விரித்துப் பழகிய பிரிட்டிஷ் குடும்பங்கள் பல, ஏதோ ஒரு கோடையில் இந்த ஐந்தடியைத் தாண்டுவதா வேண்டாமா என்று யோசித்திருக்கின்றன. மூத்த பிள்ளைக்குக் கால் நீண்டுவிடுகிறது, சாப்பாட்டுப் பைக்கு இடமில்லை. கரையில் நிற்கும் வேஃபேரரின் அகன்ற உள்தளம் ஆசை காட்டுகிறது. எத்தனை பேர் உட்காரலாம் என்பதை மட்டும் எண்ணிப் பார்த்து முடிவெடுப்பவர்கள் பாதிக் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

மீதிக் கணக்கு எடையில் இருக்கிறது. நீளம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. ஆனால் மிரரின் உடல் எடை 45 கிலோ சொச்சம், வேஃபேரருடையது 169 கிலோ. மூன்றே முக்கால் மடங்கு! நீளத்தோடு அகலமும் உயரமும் சேர்ந்து வளர்வதால் வரும் விளைவு இது. மிரரை இரண்டு பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக் காரின் கூரையில் ஏற்றிவிடலாம். வேஃபேரருக்கு ட்ரெய்லர் வேண்டும், அதை இழுக்கும் கார் வேண்டும், நிறுத்திவைக்க இடம் வேண்டும், நீரில் இறக்கத் தள்ளுவண்டியும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயிலைப் பார்த்ததும் கிளம்பிவிடும் வழக்கம் இதனால் குறையும். அடிக்கடி நீரில் இறங்கும் சின்னப் படகு, கொல்லையில் உறையிட்டுக் கிடக்கும் பெரிய படகைவிடக் குடும்பத்துக்கு அதிகம் கொடுக்கிறது என்றே நினைக்கிறேன்.

மிரர் எளிமைக்காகவே பிறந்த படகு. வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், வீட்டு மராமத்து வேலைகளைத் தொலைக்காட்சியில் சொல்லிக்கொடுத்துப் புகழ்பெற்ற பேரி பக்நெல்லும் சேர்ந்து உருவாக்கியது. டெய்லி மிரர் நாளிதழ் ஆதரவு தந்தது. படகின் பெயரும் பாயின் சிவப்பும் அதிலிருந்து வந்தவை. 1963-இல் விற்பனைக்கு வந்தபோது விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். வெட்டிய ப்ளைவுட் துண்டுகளை வாங்கிவந்து, செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடியிழை நாடாவை வைத்துப் பிசின் பூசினால் படகு தயார். தச்சுப் பட்டறையைக் கண்டிராதவர்களும் கார் கொட்டகையில் கட்டி முடித்தார்கள். இதுவரை 70,000-க்கும் மேற்பட்ட மிரர்கள் உருவாகியிருக்கின்றன. பாய்மரம் குட்டை, அதன் மேலே இன்னொரு கழி ஏறி நின்று பாயை உயர்த்திப் பிடிக்கும். கழற்றினால் எல்லாக் கழிகளும் படகுக்குள்ளேயே அடங்கிவிடும்.

இதைவிட ஆறு வயது மூத்தது வேஃபேரர். 1957-இல் இயன் ப்ராக்டர் வடிவமைத்தபோதே நாள்கணக்கில் பயணம் போவதை மனத்தில் வைத்திருந்தார். முன்னும் பின்னும் பொருள் வைக்கும் மூடிய அறைகள் உண்டு. படகு கவிழ்ந்தால் மிதக்க வைப்பவையும் அவையே. நடுவில் இருவர் கால் நீட்டிப் படுக்கலாம், மேலே கூடாரம் கட்டிக்கொள்ளலாம். படகின் அடியில் இறங்கி நிற்கும் நடுப்பலகையை உயர்த்திவிட்டால் இருபது சென்டிமீட்டர் ஆழமே போதும். மிரரில் செங்குத்தாகச் செருகும் பலகை தரையில் மோதினால் படகு சட்டென்று நின்றுவிடும். வேஃபேரரின் பலகை ஓர் அச்சில் சுழல்வதால், தட்டியதும் தானே மேலே மடங்கும். கழிமுகங்களிலும் ஓடைகளிலும் புகுந்து பார்க்கும் குடும்பத்துக்கு இது பெரிய நிம்மதி.

ஃப்ராங்க் டை என்ற பாயோட்டி, வேஃபேரர்களில் ஒன்றான வாண்டரரில் ஒரு துணையோடு 1963-இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்குப் போனார். மறு ஆண்டு நார்வே போகும் வழியில் புயலில் பாய்மரம் முறிந்தது, படகு பலமுறை கவிழ்ந்தது; ஆனாலும் கரை சேர்ந்தார்கள். அந்த வாண்டரர் இப்போது கார்ன்வாலின் ஃபால்மவுத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வேஃபேரர் எதையும் தாங்கும் என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவது தவறு. டை கடலறிந்தவர், கூட வந்தவரும் வளர்ந்தவர். குடும்பம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: காற்று திடீரென்று ஏறினாலும் பாயைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு திரும்பிவர இந்த உடலில் மிச்சபலம் இருக்கிறது. மிரரும் தூரம் போகாத படகல்ல. ஏ. ஜே. மெக்கின்னன் 1990-களில் ஒரு மிரரை ஷ்ராப்ஷயரிலிருந்து கால்வாய், ஆறு என்று கருங்கடல்வரை கொண்டுபோனார். குடும்பத்தோடு அல்ல, தனியாக.

நான் அதிகம் கவலைப்படுவது பிள்ளைகளைப் பற்றி. மிரரில் ஏறுபவர்களின் எடை படகின் எடையைவிடக் கூடுதல். பத்து வயதுப் பெண் ஒரு சாண் நகர்ந்தாலும் படகு அதைச் சொல்லிவிடும். சுக்கானை அவளிடம் கொடுத்தால் பாயின் இழுப்பு அவள் கைக்கு அடங்கும். கவிழ்ந்தாலும் இரண்டு சிறுவர்கள் பலகைமேல் ஏறி நிமிர்த்திவிடலாம், அதில் அவர்களுக்கு வரும் துணிச்சலுக்கு ஈடில்லை. வேஃபேரரில் அதே பெண் நகர்ந்தாலும் படகு பொருட்படுத்தாது. கவிழ்ந்தால் நிமிர்த்தப் பெரியவரின் கனம் வேண்டும். அப்பா சுக்கானைப் பிடிக்க, அம்மா முன்பாய்க் கயிற்றை இழுக்க, பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும் படகாக அது மாறிவிடக்கூடும். கடைக்குட்டி தனியாகப் பாய்விரித்துத் திரும்பும்வரையாவது மிரரை விற்காமல் வைத்திருங்கள் என்பேன். மிரர் பாயோட்டிகளை உண்டாக்கும். அவர்கள் ஓரளவு உருவான பிறகு வேஃபேரர் அவர்களைத் தூர இடங்களுக்குக் கூட்டிப்போகும்.

வாங்குவதற்குமுன் ஒரு சோதனை செய்யலாம். வழக்கமாக உங்களோடு வருகிறவர்களை மட்டும் அழைத்துக்கொண்டு, நீர் வற்றிய வேளையில், பாசி படர்ந்த சரிவில், விற்பவரின் வேஃபேரரைத் தள்ளுவண்டியோடு மேலே ஏற்றிப் பாருங்கள். பாதியில் மூச்சு வாங்கினால், அதே ஜாக் ஹோல்ட் 1949-இல் வடிவமைத்த, 14 அடி நீளமும் 133 கிலோ எடையும் உள்ள ஜிபி14-ஐயும் ஒருமுறை தள்ளிப் பார்க்கலாம்.