22-இல் குறைந்தது 9-இல் இருந்தது

எனக்கு மருத்துவம் தெரியாது. முப்பது வருஷம் கணக்கு எழுதியவன். ரத்தப் புற்றுநோய் என்றால் பழைய சினிமாவில் கடைசி ரீலில் ரத்தம் கக்கிச் சாவார்களே, அவ்வளவுதான் என் அறிவு.

அதனால், நான்கு வருஷம் முன்பு எனக்கு சி.எம்.எல். வகை லுக்கேமியா என்று சொல்லி, டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தபோது நம்ப முடியவில்லை. இவ்வளவு பெரிய வியாதிக்கு ஒரே ஒரு மாத்திரையா? சாப்பிட்டேன். மூன்றே மாதத்தில் வெள்ளை அணுக்கள் வழக்கமான அளவுக்கு வந்துவிட்டன. கொஞ்ச நாள் போனதும், "உடம்புதான் நல்லாயிருக்கே" என்று வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். அடுத்த பரிசோதனையில் மாட்டிக்கொண்டேன். பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற அளவு ஏறியிருந்தது.

"யாரைக் கேட்டு சார் நிறுத்துனீங்க? அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருக்க மாட்டீங்க" என்றார் டாக்டர்.

அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்தேன். அர்த்தம் தேடிப் போனவனுக்கு ஒரு வரலாறே கிடைத்தது.

1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் சி.எம்.எல். நோயாளிகளின் ரத்த அணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒரு குரோமோசோம் மட்டும் வழக்கத்தைவிடக் குட்டையாக இருந்தது. புற்றுநோய் ஒன்றோடு எப்போதும் சேர்ந்தே வரும் குரோமோசோம் குறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது அதுதான் முதல் முறை. ஊர்ப் பெயரையே அதற்கு வைத்தார்கள்: பிலடெல்பியா குரோமோசோம். ஒரு துண்டு தொலைந்துபோய்விட்டது என்றுதான் அப்போது எண்ணம்.

அடுத்து வருபவர் எனக்கு ரொம்பப் பிடித்தவர். சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி. குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக வெட்டி ஜோடி சேர்த்துப் பார்த்தார். 1973-இல் விடை சொன்னார்: 22-ஆம் குரோமோசோமில் குறைந்த துண்டு தொலையவில்லை, 9-ஆம் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் துண்டுகளை மாற்றிக்கொண்டுவிட்டன.

இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது என் தொழில்! ஒரு கணக்கில் பணம் குறைந்தால் உடனே திருட்டு என்று சொல்லக் கூடாது. வேறு கணக்கில் தவறாகப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அந்த இடமாற்றத்தில் 22-இல் இருந்த பி.சி.ஆர். மரபணுவும் 9-இல் இருந்த ஏ.பி.எல். மரபணுவும் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிப் பிறந்த மரபணு ஒரு நொதியை உண்டாக்குகிறது. அணுவைப் "பெருகு, பெருகு" என்று ஓயாமல் விரட்டும் நொதி அது. அணைக்க முடியாத சுவிட்சு மாதிரி.

அந்தச் சுவிட்சைக் குறிவைத்து வந்ததுதான் இமாட்டினிப். நொதி தனக்கு வேண்டிய சக்தியைப் பெறும் குழியில் போய் அடைத்துக்கொள்கிறது. பிரையன் ட்ரூக்கர் தலைமையில் 1998-இல் நோயாளிகளிடம் சோதனை ஆரம்பமானது. வேறு சிகிச்சை பலிக்காமல் போனவர்களில் 300 மி.கி. அல்லது அதற்கு மேல் சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணு எண்ணிக்கை சீரானது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இப்போது என் தப்பு எனக்குப் புரிந்தது. மாத்திரை அந்தத் தவறான பதிவைத் திருத்துவதில்லை. எலும்பு மஜ்ஜையில் அந்தப் பதிவோடு சில அணுக்கள் இருந்துகொண்டேதான் இருக்கும். மாத்திரை ரத்தத்தில் இருக்கும்வரைதான் குழி அடைபட்டிருக்கும்; நின்றால் திறந்துவிடும். வெள்ளை அணு எண்ணிக்கை சரியாக இருப்பது கல்லாவில் காசு சரியாக இருப்பது மாதிரி. பேரேட்டில் பிழை இருக்கிறதா என்று சொல்வது பி.சி.ஆர்.-ஏ.பி.எல். அளவு. அது பல வருஷம் மிகக் குறைவாகவே இருந்தால், டாக்டரே கண்காணித்து மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதும் உண்டு. நானாக நிறுத்தியது அதுவல்ல.

மறுபடி ஆரம்பித்து அளவு இறங்க ஏழு மாதம் ஆனது. இறங்காமலே போயிருக்கலாம் என்று டாக்டர் பிறகுதான் சொன்னார். மாத்திரை சாப்பிட்ட தேதிகளை இப்போது ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இந்தக் கணக்கில் இதுவரை ஒரு நாளும் விடுபடவில்லை.