ரெண்டு தவளை, ஒரு கனவு, ஒரு மாத்திரை

போன வாரம் ஆபீஸ்ல ஒரு பக் உயிரை வாங்கிட்டு இருந்தது. மூணாம் நாள் ராத்திரி தூக்கத்துல விடை பளிச்சுன்னு தெரிஞ்சது. காலையில எழுந்து பார்த்தா சுத்தமா மறந்து போச்சு. உங்கள்ல பாதிப் பேருக்கு இது நடந்திருக்கும். இதே கொடுமை நடந்த ஒருத்தரைப் பத்தித்தான் இந்தப் பதிவு. அவருக்குக் கனவு ரெண்டாவது தடவையும் வந்தது, பின்னாடியே நோபல் பரிசும் வந்தது. நமக்கு மேனேஜர்கிட்ட இருந்து மெயில் மட்டும்தான் வருது :-)

அவர் பேரு ஓட்டோ லோவி. 1873ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியர்.

அந்தக் காலத்துல ஒரு பெரிய சண்டை. நரம்பு செல்கள் தனித்தனி ஆளுங்கன்னு ஸ்பெயின்காரர் கஹால் ஏற்கனவே காட்டிட்டார். நரம்புக்குள்ள ஓடுறது மின்சாரம், அதுவும் தெரியும். ஆனா நரம்பு முடியுற இடத்துல இருந்து சேதி எப்படித் தாண்டுது? மின்சாரமே தாண்டிக் குதிக்குதுன்னு ஒரு கட்சி, ஏதோ ஒரு ரசாயனம் கசியுதுன்னு இன்னொரு கட்சி. பின்னாடி இதுக்கு 'சூப்பா, ஸ்பார்க்கா' சண்டைன்னே பேர் வந்தது. லோவிக்கு ரசாயனமா இருக்குமோன்னு 1903லயே தோணியிருக்கு. நிரூபிக்க வழி தெரியாம அப்படியே விட்டுட்டார்.

1920 ஈஸ்டர் சமயம். ராத்திரி கனவுல ஒரு சோதனை வருது. எழுந்து ஒரு துண்டுச் சீட்டுல கிறுக்கி வெச்சுட்டுத் தூங்கிட்டார். காலையில அவர் கையெழுத்தே அவருக்குப் புரியல! நாள் பூரா மண்டையைப் பிச்சுக்கிட்டார். மறுநாள் ராத்திரி மூணு மணிக்கு மறுபடி அதே கனவு. இந்தத் தடவை சீட்டை நம்பல, நேரா ஆய்வகத்துக்கு ஓடிட்டார்.

சோதனை ரொம்ப எளிமை. ரெண்டு தவளை இதயங்கள், உப்புக் கரைசலில் துடிச்சுக்கிட்டு இருக்கு. முதல் இதயத்துல வேகஸ் நரம்பு ஒட்டியிருக்கு, ரெண்டாவதுல நரம்பே இல்லை. வேகஸைத் தூண்டினா முதல் இதயம் மெதுவாகும், அது தெரிஞ்ச கதை. அந்தக் கரைசலை எடுத்து ரெண்டாவது இதயத்துல விட்டார். நரம்பே இல்லாத அந்த இதயமும் மெதுவாச்சு! கரைசல் வழியா மின்சாரமா வந்திருக்கும்? ரசாயனம்தான். 1921ல் கட்டுரை வெளியானது. அது அசிடைல்கோலின்னு பின்னாடி உறுதியாச்சு.

இதுல ஒரு வேடிக்கை. பகல்ல உக்காந்து நிதானமா யோசிச்சிருந்தா இந்தச் சோதனையைச் செஞ்சிருக்கவே மாட்டேன்னு அவரே பிற்காலத்துல எழுதினார். இன்னொரு இதயத்தை மாத்துற அளவுக்கு அந்த ரசாயனம் மிச்சமிருக்கும்னு நம்ப நியாயமே இல்லையாம். ரொம்ப யோசிக்கிற நமக்கெல்லாம் இது ஒரு பாடம்.

1936ல் ஹென்றி டேலோட சேர்ந்து நோபல். ரெண்டே வருஷத்துல, 1938 மார்ச்சில், ஹிட்லர் படை ஆஸ்திரியாவுக்குள்ள வந்தது. அவரையும் மகன்கள் ரெண்டு பேரையும் பிடிச்சு உள்ளே போட்டாங்க. கொன்னுடுவாங்கன்னு பயந்த மனுஷன் ஜெயில்ல கேட்டது ஒரு அஞ்சலட்டை. கடைசியா செஞ்ச ஆராய்ச்சியோட முடிவை அதுல எழுதி ஒரு அறிவியல் இதழுக்கு அனுப்பினார். அப்புறம் நோபல் பணத்தை நாஜிகள் கையில இருந்த வங்கிக்கு மாத்திக் கொடுத்த பிறகுதான் நாட்டை விட்டே போக விட்டாங்க. 1961ல் நியூயார்க்கில் காலமானார். ஸ்பார்க் கட்சியின் தலைவர் ஜான் எக்கிள்ஸ், 1951ல் தன் சோதனையாலேயே தன் கட்சி தப்புன்னு கண்டுபிடிச்சு மாறிட்டார். ஆனா மின்சாரத்தால சேதி கடத்துற இணைப்புகளும் சில உண்டுன்னு பின்னாடி தெரிஞ்சது. ஸ்பார்க் கட்சிக்கு டெபாசிட் மிஞ்சிச்சு.

இதெல்லாம் நான் ஏன் தேடிப் படிச்சேன்? எங்க ஆச்சிக்கு ஆல்சைமர். டாக்டர் டோனெபெசில்னு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கார். உறையைப் பார்த்துட்டு, இது என்ன செய்யுதுன்னு தேடினேன். மூளையில அசிடைல்கோலின் சீக்கிரம் உடைஞ்சு போகாம தடுக்குதாம். நோயைக் குணப்படுத்தாது, மறதியைக் கொஞ்ச காலம் தள்ளிப் போடும், அவ்வளவுதான்.

நேத்து ஃபோன் பண்ணினேன். "யாருய்யா பேசுறது?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சாப்பிட்டியாய்யா?"

தவளைக்குத்தான் நன்றி சொல்லணும்.