பனிக்கடலில் எட்டு நாள்: கண்டதும் காணாததும்



அலாஸ்கா போய்வந்த படங்களைப் போட்டதிலிருந்து ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். "டீச்சர், கப்பல் எப்படி இருந்தது? திமிங்கலம் பார்த்தீங்களா? குளிர் தாங்குச்சா?" கேட்டவர்களில் பாதிப் பேர் என்னிடம் ஏழாம் வகுப்பில் சமூக அறிவியல் படித்தவர்கள். அதனால் படத்துக்குக் கீழே ரெண்டு வரி எழுதித் தப்பிக்க எனக்கு மனசு வரவில்லை. பாடமாகவே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். சாயங்காலம் டீயோடு உட்கார்ந்து படியுங்கள். தேர்வு கிடையாது.

போன செப்டம்பரில் சியாட்டிலில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். இரண்டு வருஷமாகச் சேர்த்துவைத்த பணத்தில் எங்கள் இருவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தான். நான், உங்கள் கணக்கு சார், மகன், மருமகள், எட்டு வயதுப் பேத்தி என ஐந்து பேர். சியாட்டிலில் ஏறி, ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே, கெட்சிகன் என்று போய், திரும்பவும் சியாட்டிலில் இறங்கும் பயணம்.

முதலில் சின்னச் சின்னக் கஷ்டங்களைச் சொல்லிவிடுகிறேன். முதல் ராத்திரியே கப்பல் பசிபிக் பெருங்கடலின் திறந்த பகுதிக்குள் போனதும் ஆட ஆரம்பித்தது. எனக்குத் தலை தூக்க முடியவில்லை. கப்பல் ஊழியர் ஒருவர் பச்சை ஆப்பிளும் இஞ்சி மிட்டாயும் கொண்டுவந்து கொடுத்தார். ஆப்பிள் கேட்டது, இஞ்சி கேட்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நூறு வகை இருந்தும் நாங்கள் தேடியது சோறும் தயிரும்தான். மூன்றாம் நாள் சமையற்கூடத்தில் வேலை பார்க்கும் கோவாக்காரப் பையன் ஒருவன் எங்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலே பருப்பும் சோறும் செய்து கொண்டுவந்தான். சார் அன்றைக்குத்தான் வாய் திறந்து சிரித்தார்.

பெரிய சங்கடம் நான்காம் நாள் வந்தது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

தொண்ணூறுகளில் என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கரும்பலகையில் ஒரு மலையை வரைந்து, அதன் மேல் எறும்புச் சாரி மாதிரி புள்ளி புள்ளியாக மனிதர்களை வைப்பேன். சார்லி சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்' படத்தின் தொடக்கத்தில் வரும் அந்தக் காட்சியைப் பார்த்ததிலிருந்து அந்த மலை என் மனசில் ஒட்டிக்கொண்டது. 1896 ஆகஸ்ட்டில் கனடாவின் க்ளோண்டைக் பகுதியில் ஓர் ஓடையில் தங்கம் கிடைத்தது. அடுத்த வருஷம் ஜூலையில் அந்தத் தங்கத்தோடு ஒரு கப்பல் சியாட்டில் துறைக்கு வந்ததும் ஊரே பைத்தியம் பிடித்ததுபோல் கிளம்பியது. சுமார் ஒரு லட்சம் பேர் புறப்பட்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. போய்ச் சேர்ந்தவர்கள் முப்பது, நாற்பது ஆயிரம் பேர். தங்கத்தைக் கண்ணால் கண்டவர்கள் சுமார் நாலாயிரம் பேர்.

அவர்களில் பெரும்பாலோர் இறங்கிய இடங்கள் ஸ்காக்வேயும் அதற்குப் பக்கத்து டையாவும். அங்கிருந்து மலை ஏற வேண்டும். ஒரு வருஷத்துக்கான சாமான் இல்லாமல் வந்தால் கனடாப் போலீஸ் எல்லையிலேயே திருப்பி அனுப்பிவிடும். மாவு, பருப்பு, பன்றி இறைச்சி, கருவிகள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு டன். சில்கூட் கணவாய் வழியாகப் போனவர்கள் அதை முதுகில் சுமந்தார்கள். ஒரே சரிவில் முப்பது நாற்பது தடவை ஏறி இறங்கினார்கள். பக்கத்து வெள்ளைக் கணவாயில் சுமார் மூவாயிரம் குதிரைகள் செத்து விழுந்தன. இந்தச் சில்கூட் பாதையைத் தங்கம் தேடி வந்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை. அது அந்த மண்ணின் மக்களான லிங்கிட் இனத்தார் தலைமுறை தலைமுறையாக வியாபாரத்துக்குப் போய்வந்த வழி. 1867இல் ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கியபோது அவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

1898இல் தொடங்கி 1900இல் அந்த வெள்ளைக் கணவாய் வழியாக ஒரு குறுகிய ரயில் பாதை போட்டு முடித்தார்கள். பாதை முடிந்தபோது தங்க வேட்டையே அடங்கிவிட்டது. ஆனால் ரயில் இன்றைக்கும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. அதில் ஏறி அந்த மலையைப் பார்க்கத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன். டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

காலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். துறையில் காற்று மிக பலமாக இருக்கிறது, கப்பலைக் கட்டுவது பாதுகாப்பு இல்லை, ஸ்காக்வே ரத்து. கப்பல் திரும்பிவிட்டது.

சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் நான் மகனைப் பார்த்துச் சொன்னேன்: "இந்தத் தண்ணியையும் மேகத்தையும் பார்க்கவா இவ்வளவு காசைக் கொட்டின? நாங்க ஊர்லயே இருந்திருப்போம்ல."

அவன் ஒன்றும் பேசவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். சார் மட்டும், "காத்து அடிச்சா அவன் என்ன பண்ணுவான்?" என்றார். நான் முப்பத்தாறு வருஷம் வகுப்பில் நின்றவள். தப்பு செய்த பிள்ளையைக் கண்டிக்கத் தெரியும். தப்பே செய்யாத பிள்ளையைக் கண்டித்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

மேல்தளத்துக்குத் தனியாகப் போய் நின்றேன். நாங்கள் போய்க்கொண்டிருந்தது லின் கால்வாய். கால்வாய் என்றுதான் பெயர், ஆனால் மனிதர் வெட்டியதல்ல. பனிப்பாறை குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்து உண்டானது. ஆழம் அறுநூறு மீட்டருக்கு மேல். 1794இல் இங்கே வந்த ஆங்கிலேய மாலுமி ஜார்ஜ் வான்கூவர் தன் பிறந்த ஊரான கிங்ஸ் லின்னின் பெயரை இதற்கு வைத்தார். கப்பலில் வரலாறு சொல்வதற்கென்றே ஓர் அம்மா வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். தூரத்தில் தண்ணீர் நடுவில் தெரிந்த ஒரு விளக்குத் தூணைக் காட்டி, "வாண்டர்பில்ட் பாறை" என்றார். அங்கே நடந்ததை அவர் சொல்லக் கேட்டேன். ஊர் வந்து மேலும் படித்தேன்.

1918 அக்டோபர் 23 ராத்திரி, 'பிரின்சஸ் சோபியா' என்ற பயணிகள் கப்பல் ஸ்காக்வேயிலிருந்து கிளம்பியது. குளிர்காலத்தில் ஆறு உறைவதற்குள் வடக்கேயிருந்து வெளியேறும் ஜனங்கள் அதில் இருந்தார்கள். சுரங்கக்காரர்கள், ஆற்றுப் படகுத் தொழிலாளர்கள், பெண்கள், குழந்தைகள் என்று சுமார் 350 பேர். பனிப்புயலில் வழி தெரியாமல் விடியற்காலை இரண்டு மணி வாக்கில் கப்பல் அந்தப் பாறை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

கப்பல் உடனே மூழ்கவில்லை. பாறை மேல் நேராக நின்றது, விளக்கு எரிந்தது. உதவிக்கு வேறு கப்பல்கள் வந்து சுற்றி நின்றன. ஆனால் அலை மோசமாக இருந்தது. இந்த அலையில் உயிர்காக்கும் படகை இறக்கினால் பாறையில் மோதிச் சிதறும் என்று கேப்டன் லாக் கணித்தார். கடல் தணியட்டும், பிறகு ஜனங்களை மாற்றலாம் என்று காத்திருந்தார். ஒரு பகல், ஒரு ராத்திரி, இன்னொரு பகல். ஏறக்குறைய நாற்பது மணி நேரம். 25ஆம் தேதி சாயங்காலம் காற்று இன்னும் பலத்து, கப்பலைத் தூக்கிப் பாறையிலிருந்து தள்ளியது. ஒருவரும் பிழைக்கவில்லை. ஒரு நாய் மட்டும் நீந்திக் கரை சேர்ந்தது.

கேப்டன் செய்தது சரியா தப்பா என்று இன்றும் பேசுகிறார்கள். இறக்கியிருந்தால் பாதிப் பேராவது பிழைத்திருப்பார்களா, அல்லது அப்போதே எல்லாரும் போயிருப்பார்களா என்று யாராலும் சொல்ல முடியாது. உடல்களை ஏற்றிய கப்பல் வான்கூவர் நகரத்தை அடைந்த தேதி 1918 நவம்பர் 11. முதல் உலகப்போர் முடிந்த நாள். ஊரெல்லாம் வெற்றிக் கொண்டாட்டம். அந்தச் சத்தத்தில் இந்த 350 பேரின் சாவு அமுங்கிப்போனது. அதனால்தான் டைட்டானிக் தெரிந்த நமக்கு சோபியா தெரியவில்லை.

அந்த நாற்பது மணி நேரத்தில் கப்பலுக்குள் சிலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரு வாலிபர் தான் மணக்கவிருந்த பெண்ணுக்கு எழுதியது, பின்னால் அவர் உடலோடு கிடைத்தது. தன் உடைமைகள் யார் யாருக்கு என்றுகூட அதில் எழுதியிருந்தாராம். மேலே கடல், கீழே பாறை. அந்த நேரத்திலும் மனிதன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடப் பார்க்கிறான்.

கேட்டு முடித்தபோது எனக்குக் கால் நடுங்கியது. குளிர் ஒரு காரணம். காற்றைப் பார்த்துக் கப்பலைத் திருப்பிய எங்கள் கேப்டனை நான் காலையில் என்னென்ன திட்டினேன் என்பதும் ஒரு காரணம். ஆனாலும் அன்று ராத்திரி மகன் அறைக் கதவு வரை போய்விட்டு, தட்டாமல் திரும்பிவிட்டேன். "அப்பா தூங்கிட்டாங்க" என்று பேத்தி சொன்னது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று.

மறுநாள் விடியற்காலை அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. "நேத்து தப்பாப் பேசிட்டேன் தம்பி" என்றேன். அவன் திரும்பிப் பார்த்தான். "டீ குடிக்கிறியாம்மா?" என்றான். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேசமாட்டோம்.

அன்றைக்குத்தான் கிளேசியர் பே. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். தேசியப் பூங்காவின் காவலர்கள் சிறு படகில் வந்து, ஓடும் கப்பலில் ஏணி வைத்து ஏறுகிறார்கள். சாருக்கு அதுதான் பயணத்திலேயே பிடித்த காட்சி.

உள்ளே போகப் போகத் தண்ணீர் பச்சையும் பாலுமாக மாறியது. கடைசியில் மார்ஜரி பனிப்பாறை. ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம், நீருக்கு மேலே இருபது மாடி உயரத்துக்கு நீலச் சுவர். கப்பல் எஞ்சினை அடக்கி நின்றது. திடீரென்று இடி இடித்த மாதிரி ஒரு சத்தம். சத்தம் வந்த பிறகுதான் பாளம் விழுவது கண்ணில் பட்டது. லிங்கிட் மக்கள் இதை 'வெள்ளை இடி' என்கிறார்களாம். பேத்தி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொடுத்த காசெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வசூலாகிவிட்டது.

வான்கூவரின் ஆட்கள் 1794இல் பார்த்தபோது இந்த விரிகுடாவே இல்லை. வாசலிலேயே பனிச்சுவர் நின்றது. 1879இல் ஜான் மியூர் என்ற இயற்கை ஆர்வலர் லிங்கிட் வழிகாட்டிகளோடு படகில் வந்தபோது பனி எழுபது கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. 1916இல் நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஆகவே இந்தப் பின்வாங்கல் முழுவதையும் இன்றைய புவி வெப்பத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். உலகின் குளிர்ந்த காலம் ஒன்று முடிந்தபோது தொடங்கியது அது. இப்போது அலாஸ்காவின் பெரும்பாலான பனிப்பாறைகள் உருகிச் சிறுத்துவருவது வேறு பாடம், அதுவும் உண்மைதான்.

காவலரோடு வந்திருந்த ஹூனா லிங்கிட் பெண்மணி ஒருவர் அதற்கும் முந்தைய கதையைச் சொன்னார். பனி வருவதற்கு முன் இது கடல் இல்லை. ஆறு ஓடிய பள்ளத்தாக்கு. அவருடைய முன்னோர்களின் ஊர் இங்கேதான் இருந்தது. சுமார் முந்நூறு வருஷத்துக்கு முன் பனி நகர ஆரம்பித்தது. நாய் ஓடும் வேகத்தில் வந்தது என்பது அவர்கள் வாய்வழிச் செய்தி. வீட்டுக்குள் தனித்து வைக்கப்பட்டிருந்த ஒரு பெண், விதியை மீறிப் பனியைக் கூப்பிட்டுவிட்டாள், அதனால் வந்தது என்று அவர்கள் சொல்கிறார்கள். நான்கு குலத்தாரும் படகேறி வெளியேறியபோது ஒருத்தி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஒரு வழக்கில் அவள் அந்த இளம்பெண். இன்னொரு வழக்கில் ஒரு கிழவி. இளையவர்கள் போய்ப் பிழைக்கட்டும் என்று தான் நின்றுவிட்டவள்.

வெளியேறியவர்கள் ஹூனா என்ற ஊரில் குடியேறினார்கள். பனி பின்வாங்கியதும் மீன்பிடிக்கவும், கடற்காக முட்டை சேகரிக்கவும் திரும்பி வரத் தொடங்கினார்கள். மூன்று முட்டை உள்ள கூட்டைத் தொடமாட்டார்களாம். ஒன்றோ இரண்டோ இருந்தால்தான் எடுப்பார்கள், பறவை மீண்டும் இட்டுக்கொள்ளும். 1925இல் இந்த இடத்தை அரசு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. அழகான இடத்தைக் காப்பாற்ற வந்த சட்டம் பிறகு அந்த முட்டையையும் தடுத்தது. பனி துரத்தியது ஒரு முறை, காகிதம் துரத்தியது இன்னொரு முறை. 2014இல்தான் முட்டை எடுக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. 2016 ஆகஸ்ட் 25 அன்று, விரிகுடாவின் வாசலில் பார்ட்லெட் கோவ் என்ற இடத்தில், பூங்கா நிர்வாகமும் ஹூனா மக்களும் சேர்ந்து கட்டிய குலவீடு திறக்கப்பட்டது. தாங்களே செதுக்கிய மரப்படகுகளில் துடுப்புப் போட்டு வந்து இறங்கினார்களாம். இருநூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான பிரிவுக்குப் பிறகு அந்தக் கரையில் மீண்டும் அவர்களுக்கென்று ஒரு வீடு.

எனக்கு அதிசயமாகத் தெரிந்த அதே நீலச் சுவர், அந்தப் பெண்மணிக்குத் தன் ஊரை விழுங்கிய ஒன்று. ஆனாலும் அவர் அதைப் பற்றிப் பேசும்போது குரலில் கோபம் இல்லை. வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார்.

ராத்திரி படுக்கும்போது பேத்தி கேட்டாள்: "அந்தப் பாட்டி ஏன் போட்ல ஏறல?"

"வீட்டை விட மனசு வரல போல" என்றேன்.

"நீயா இருந்தா ஏறிடு. அப்பா கையைப் பிடிச்சுப்பாங்க" என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் சார் தூங்குவதுபோல் படுத்திருந்தார்.

ஆக, திமிங்கலம் பார்த்தோம். வால் மட்டும், இரண்டு தடவை. குளிர் தாங்கியது. ஸ்காக்வே பார்க்கவில்லை. இன்னொரு தடவை போகலாம் என்கிறான் மகன். வேண்டாம் தம்பி, கரும்பலகையில் வரைந்தது போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

இதில் பிழை ஏதும் கண்டால் தயங்காமல் எழுதுங்கள். டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டேன். இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.